இந்த வயதில் கார்ட்டூனா? ஜப்பானிய அனிமேஷன் சாகசப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபீஸ் கேன்டீனில் ஒருவர், கல்யாணப் பந்தியில் இன்னொருவர், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தி என்று ஆளாளுக்குக் கேட்டு, நானும் ஆளாளுக்கு அரைகுறையாகப் பதில் சொல்லிச் சலித்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். பெரும்பாலும் கிப்லி ஸ்டுடியோ படங்கள்தான் வரும், ஏனென்றால் நான் திரும்பத் திரும்பப் பார்த்தவை அவைதான். கதைகள் கொஞ்சம் வெளியே சிந்தும். அது பிடிக்காதவர்கள் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், அவசரமில்லை.

முப்பது தாண்டியும் கார்ட்டூன் பார்க்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?

இல்லை. கார்ட்டூன் என்றதும் நமக்கு வாணலியால் அடிவாங்கித் தட்டையாகும் பூனைதான் ஞாபகம் வருகிறது. தப்பில்லை, டிவியில் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். ஜப்பானில் அனிமே என்பது அனிமேஷன் என்ற சொல்லின் சுருக்கம், அவ்வளவுதான். அதில் காதல், போர், சமையல், கொலை, ஆபீஸ் அரசியல் எல்லாம் உண்டு. 2001ல் வந்த ஸ்பிரிட்டட் அவே அந்த நாட்டில் அதுவரை அதிகம் வசூலித்த படமாக ஆனது. அனிமேஷன் படங்களுக்குள் மட்டும் இல்லை, டைட்டானிக் உட்பட எல்லாப் படங்களையும் தாண்டி, சுமார் 3,000 கோடி யென். அந்த இடத்தை 19 வருடம் விடாமல் வைத்திருந்து, 2020ல் அதைப் பறிகொடுத்ததும் இன்னொரு அனிமே படத்திடம்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் டிக்கெட் எடுத்து இதெல்லாம் நடந்திருக்காது.

சரி, அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

ஸ்பிரிட்டட் அவேயில் ஒரு காட்சி. வெள்ளை டிராகன் ஒன்று உடம்பெல்லாம் ரத்தமாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. சிஹிரோ என்ற பத்து வயதுப் பெண் அதன் வாயைப் பிளந்து, மருந்து உருண்டையைக் கையோடு உள்ளே தள்ளி, அது துப்பிவிடாமல் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். இதை எப்படி வரைவது? நாய்க்கு மருந்து கொடுப்பதை நினைத்துக்கொண்டு வரையுங்கள் என்றார் இயக்குநர் ஹயாவோ மியாசாகி. அவரிடம் வேலை செய்த இளம் ஓவியர்களுக்கு அந்த அனுபவம் இல்லை. உடனே கால்நடை மருத்துவமனைக்குப் போய், ஒரு நாயின் வாயைத் திறக்கவைத்து, ஈறும் தாடையும் எப்படி இருக்கின்றன என்று வீடியோ எடுத்துவந்து வரைந்தார்கள். படம் உருவான கதையைச் சொல்லும் ஆவணப்படத்தில் இந்தக் கூத்தைப் பார்க்கலாம்.

டிராகனை நம்மில் யாரும் பார்த்ததில்லை, ஆனால் மாத்திரையைத் துப்பப் பார்க்கும் நாயைப் பார்த்திருக்கிறோம், அதனால் மூளை சந்தேகப்படுவதற்குள் உடம்பு நம்பிவிடுகிறது. என்னைக் கேட்டால் இந்தப் படங்களின் மொத்த வசியமும் இதுதான். மாயத்தை வரைய எவ்வளவு பொறுமை செலவாகிறதோ அதே பொறுமை முட்டை பொரிப்பதற்கும் தரை துடைப்பதற்கும் செலவாகிறது. கீழே வரும் பதில்களில் பாதி இதையே வேறு வேறு வழியில் சொல்லப்போகிறது, இப்போதே எச்சரித்துவிடுகிறேன்.

கிப்லியா, ஜிப்லியா?

சஹாரா பக்கம் வீசும் சூடான காற்றுக்குப் பெயர் கிப்லி. அந்தப் பெயரில் இத்தாலியில் ஒரு விமானம் செய்தார்கள். விமானப் பைத்தியமான மியாசாகி அதை எடுத்து 1985ல் தொடங்கிய ஸ்டுடியோவுக்கு வைத்தார். ஜப்பானிய அனிமேஷனில் புதுக்காற்று வீசட்டும் என்று எண்ணம். இத்தாலிய உச்சரிப்புப்படி கிப்லிதான் சரி, ஜப்பானில் எல்லோரும் சொல்வது ஜிபுரி. ஸ்டுடியோக்காரர்களே தப்பாகச் சொல்லி அதுவே நிலைத்துவிட்டது, அதனால் நீங்கள் எப்படிச் சொன்னாலும் நான் திருத்தமாட்டேன். தொடங்கியவர்கள் மியாசாகி, அவருக்கு மூத்தவரும் ஒருவகையில் குருவுமான இசாவோ தகாஹாதா, தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி.

முதலில் எந்தப் படம் பார்க்கலாம்?

ஆளைப் பொறுத்தது. சண்டை, ஓட்டம், புதையல், வானத்தில் மிதக்கும் கோட்டை என்று பழைய அம்புலிமாமா வாசனை வேண்டுமென்றால் 1986ல் வந்த கேஸில் இன் த ஸ்கை. மனது சரியில்லாத ஞாயிற்றுக்கிழமைக்கு 1988ன் மை நெய்பர் டோட்டோரோ. கார்ட்டூன் என்றாலே உதட்டைப் பிதுக்கும் ஆளை உட்காரவைக்க வேண்டுமென்றால் 1997ன் பிரின்சஸ் மோனோனோகே. முதல் பத்து நிமிடத்திலேயே, உடம்பெல்லாம் கரும்புழு நெளிய ஒரு பிரம்மாண்டமான காட்டுப்பன்றி ஊருக்குள் பாய்ந்து வருவதைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள். எதுவும் தெரியாது, ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்றால் ஸ்பிரிட்டட் அவே.

2023ல் வந்த த பாய் அண்ட் த ஹெரானை முதலில் பார்க்காதீர்கள். ஆஸ்கர் வாங்கியது, எனக்கும் பிடிக்கும், ஆனால் எண்பது வயதைத் தாண்டிய மியாசாகி தன் வாழ்க்கையையும் தன் பழைய படங்களையும் திரும்பிப் பார்ப்பது போன்ற படம் அது. அந்தப் பழைய படங்கள் தெரியாமல் போனால் பாதி விருந்தில் எழுந்து வந்த மாதிரி இருக்கும்.

கதையே நகரமாட்டேன் என்கிறதே? பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன்.

ஸ்பிரிட்டட் அவேயின் கடைசிப் பகுதியில் சிஹிரோ ஒரு ரயிலில் ஏறுகிறாள். கடலுக்கு மேல், தண்ணீரில் முங்கிய தண்டவாளத்தில் போகிற ரயில். ஆறாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டும். பக்கத்தில் முகமூடி போட்ட, பேசாத ஓர் உருவம். மற்ற பயணிகள் நிழல் மாதிரி, ஊடே பார்க்கலாம். மூட்டை முடிச்சோடு ஏறுகிறார்கள், ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கிப் போகிறார்கள். வெளியே தண்ணீருக்கு நடுவே தனி வீடு ஒன்று கடந்து போகிறது. சாயங்காலம் ஆகிறது, பிறகு ராத்திரி. சண்டையும் இல்லை, வசனம் என்று சொல்லும்படியும் எதுவும் இல்லை. உயிரைக் காப்பாற்றப் போகிற பயணத்தில், ஹாலிவுட் படமாக இருந்தால் துரத்தல் வைத்திருக்கவேண்டிய இடத்தில், ஒரு பெண் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறாள். நான் அந்தப் படத்தில் அதிகம் திரும்பப் பார்த்தது இந்தச் சில நிமிடங்களைத்தான். ராத்திரி பஸ்ஸில் தனியாக ஊருக்குப் போன யாருக்கும் அந்த முகம் தெரியும்.

இதற்கு ஜப்பானிய மொழியில் ‘மா’ என்று ஒரு சொல் இருக்கிறது, இரண்டு ஒலிகளுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடம். 2002ல் அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இதைப் பற்றிக் கேட்டபோது மியாசாகி கையைச் சில முறை தட்டிக்காட்டி, தட்டலுக்கும் தட்டலுக்கும் நடுவில் இருப்பதுதான் மா என்று விளக்கினார். மூச்சே விடாமல் பரபரப்பை அடுக்கினால் அது வெறும் இரைச்சல் ஆகிவிடும் என்பது அவர் கட்சி. டோட்டோரோவில் மழையில் பஸ் ஸ்டாப்பில் அக்கா, தூங்கும் தங்கையை முதுகில் சுமந்தபடி அப்பாவுக்காகக் காத்திருக்கும் காட்சியைப் பாருங்கள். பஸ் வரவில்லை. மழை பெய்கிறது. இருட்டுகிறது. தவளை ஒன்று நடந்து போகிறது. அந்த அலுப்பு நமக்குள் முழுசாக இறங்கிய பிறகுதான் பக்கத்தில் பெரிய நகத்தோடு ஒரு கால் வந்து நிற்கிறது. முதல் நொடியிலேயே அந்த ஜந்து வந்து நின்றிருந்தால் பொம்மைக் கடை விளம்பரம் மாதிரி இருந்திருக்கும்.

இசைக்கும் இதே கதைதான். கேஸில் இன் த ஸ்கை இரண்டு மணிநேரப் படம், அசலில் சுமார் ஒரு மணிநேரம்தான் இசை. அமெரிக்கப் பதிப்புக்காக இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷி கூடுதலாக எழுதவேண்டி வந்தது, அங்கே உள்ளவர்களுக்கு அமைதி நீண்டால் சங்கடமாக இருக்குமாம். இரண்டையும் கேட்டேன், எனக்கு அசல்தான். (ஹிசாய்ஷி என்பது புனைபெயர். அமெரிக்க இசைக்கலைஞர் குவின்சி ஜோன்ஸ் மேல் இருந்த அபிமானத்தில் அந்தப் பெயரை ஜப்பானிய எழுத்தில் வளைத்துச் செய்துகொண்டது.)

வில்லன் யார் என்றே தெரியவில்லையே?

பல படங்களில் கிடையாது. மோனோனோகேயில் காட்டை வெட்டி இரும்பு உருக்கும் எபோஷி என்ற பெண்மணிதான் வில்லி என்று முதல் அரைமணிநேரம் நினைப்போம். அப்புறம் அவளுடைய ஊருக்குள் போனால், விபச்சார விடுதிகளுக்கு விற்கப்பட்ட பெண்களை அவள் விலை கொடுத்து மீட்டு வேலை கொடுத்திருக்கிறாள், ஊர் ஒதுக்கிய தொழுநோயாளிகளைத் தன் தோட்டத்துக்குள் தங்கவைத்துக் காயத்தைக் கழுவித் துணி கட்டியிருக்கிறாள். அவர்கள் செய்துதரும் துப்பாக்கியால்தான் காட்டின் தெய்வத்தைச் சுடப் போகிறாள். இப்போது சொல்லுங்கள், யார் பக்கம் நிற்பீர்கள்? தன் வீட்டுப் பக்கத்தில் இருந்த தொழுநோய் மருத்துவ இல்லத்துக்குப் போய்வந்த பிறகுதான் மியாசாகி அந்தப் பகுதியை எழுதினார். தொழுநோயாளிகளைப் பிரித்துவைக்கும் சட்டத்தை ஜப்பான் நீக்கியதே 1996ல்தான், படம் வருவதற்கு முந்தைய வருடம்.

ஓநாய் வளர்த்த பெண்ணான ஸான் கடைசிவரை மனிதர்களை மன்னிக்கமாட்டேன் என்கிறாள். நாயகன் அஷிடாகா அவளை மனம் மாற்றிக் கட்டிக்கொண்டு போவதில்லை. அவள் காட்டில், அவன் இரும்பு உருக்கும் ஊரில், அவ்வப்போது வந்து பார்ப்பான். நம் இடைவேளை, கிளைமாக்ஸ் கணக்கில் வளர்ந்தவனுக்கு இது முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

சாப்பாட்டை ஏன் இப்படி வரைகிறார்கள்? பசிக்கிறது.

எனக்கும்தான். ஹவுல்ஸ் மூவிங் கேஸிலில் தடிமனான பன்றி இறைச்சித் துண்டுகளும் முட்டையும் ஒரே இரும்புச் சட்டியில் பொரிவது, போன்யோவில் கிண்ணத்தில் மூடிவைத்த நூடுல்ஸ் மூன்று நிமிடம் ஊறும்வரை இரண்டு பிள்ளைகள் துடிதுடிப்பது, கேஸில் இன் த ஸ்கையில் ஒரே முட்டையை இரண்டு ரொட்டிக்குப் பங்கிடுவது.

ஆனால் ருசிக்காக மட்டும் வரைவதில்லை. ஸ்பிரிட்டட் அவேயில் அப்பாவும் அம்மாவும் யாரோ வைத்த சாப்பாட்டை அள்ளி அள்ளித் தின்று பன்றியாகிப் போகிறார்கள். மறுநாள் சிஹிரோவுக்கு ஒரு பையன் சாதாரண சோற்று உருண்டை கொடுக்கிறான். வேண்டாம் என்கிறாள், பிறகு ஒரு கடி கடிக்கிறாள், அதுவரை அடக்கியிருந்த அழுகை சோற்றோடு சேர்ந்து வெடிக்கிறது, கோலிக்குண்டு அளவுக்குக் கண்ணீர். துக்க வீட்டில் யாராவது வற்புறுத்தி ஒரு வாய் ஊட்டும்போது உடைந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறோம் இல்லையா, அதுதான் அது.

வேலையும் அப்படித்தான். சிஹிரோ மந்திரம் கற்றுக்கொள்வதில்லை, வேலைக்குச் சேர்கிறாள். குளியல் விடுதியில் மற்ற பெண்கள் ஈரத்துணியைத் தரையில் அழுத்திக்கொண்டு வரிசையாகக் குனிந்து ஓட, இவள் மட்டும் பின்தங்கி மூச்சுவாங்குகிறாள். கிகீஸ் டெலிவரி சர்வீஸில் பதின்மூன்று வயது சூனியக்காரிப் பெண் துடைப்பத்தில் பறந்து கூரியர் வேலை பார்க்கிறாள். ஒரு பாட்டி பேத்தியின் பிறந்தநாளுக்குக் கஷ்டப்பட்டுச் செய்த மீன் ‘பை’யை (மாவுக்குள் மீன் வைத்து அடுப்பில் சுடும் பண்டம்), கொட்டும் மழையில் நனைந்துகொண்டு கொண்டுபோய்க் கொடுத்தால், கதவைத் திறந்த பேத்தி, பாட்டியின் இந்த மீன் பை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். இதற்கு எந்தத் தண்டனையும் படத்தில் வருவதில்லை. டெலிவரி வேலை பார்க்கும் யாரிடமாவது இந்தக் காட்சியைக் காட்டிப் பாருங்கள்.

ஏன் எப்போதும் ஒரு சின்னப் பெண்தான் நாயகி?

எப்போதும் இல்லை, அதிகமாக. ஸ்பிரிட்டட் அவே பிறந்ததே நண்பரின் பத்து வயது மகளையும் அவள் தோழிகளையும் பார்த்து, இந்த வயதுப் பெண்களுக்கென்று ஒரு படம் இல்லையே என்று மியாசாகிக்குத் தோன்றியதால்தான். சிஹிரோ அழகியாகவோ தைரியசாலியாகவோ தொடங்குவதில்லை, காரின் பின்சீட்டில் படுத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறாள்.

என் அபிமானம் ஹவுல்ஸ் மூவிங் கேஸிலின் சோஃபி. சாபத்தால் ஒரே ராத்திரியில் தொண்ணூறு வயதுக் கிழவி ஆகிவிடுகிறாள். அரண்மனைப் படிக்கட்டில் ஒரு கனத்த கிழட்டு நாயைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறுவதும், சாபம் போட்ட சூனியக்காரியே பின்னால் வியர்த்து ஒழுக ஏறுவதும் ஒரு முழு சாகசக் காட்சி, சண்டையே இல்லாமல். முட்டிவலி உள்ளவர்களுக்கு அது இன்னும் நன்றாகப் புரியும்.

எல்லோரும் ஏன் பறந்துகொண்டே இருக்கிறார்கள்?

மியாசாகி பிறந்தது 1941ல். அவர் குடும்பத் தொழிற்சாலை போர் விமானங்களுக்கு வால்பக்கச் சுக்கான் முதலான உதிரிப்பாகங்கள் செய்தது, அதனால் போர்க்காலத்திலும் வசதியாக இருந்த குடும்பம். நான்கு வயதில் உத்சுனோமியா நகரத்தின் மேல் குண்டு விழுந்து ஊர் எரிந்ததையும் பார்த்தார். விமானம் என்றால் உயிர், அதே விமானம்தான் ஊரை எரித்தது. அந்த முடிச்சை அவர் இன்றுவரை அவிழ்க்கவே இல்லை. அவர் படங்களில் பறப்பது அவ்வளவு சந்தோஷமாக இருக்கும், கூடவே வானத்தில் எங்கேயாவது குண்டு சுமந்த இரும்புத் திமிங்கிலமும் ஊர்ந்துகொண்டிருக்கும். 2003ல் ஸ்பிரிட்டட் அவேக்கு ஆஸ்கர் கிடைத்தபோது அவர் போகவில்லை. ஈராக் மேல் குண்டு போடும் நாட்டுக்குப் போக மனமில்லை என்று பல வருடம் கழித்துச் சொன்னார்.

கையால் வரைகிறார்கள் என்கிறீர்களே, எவ்வளவு?

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம். அனிமேயில் பொதுவாக ஒரு படத்தை இரண்டு அல்லது மூன்று பிரேமுக்கு நிறுத்திவைப்பார்கள், அதாவது நொடிக்கு 12 அல்லது 8 படம். டிவிக்காக 1963ல் ஆஸ்ட்ரோ பாய் தொடர் வந்ததிலிருந்து இந்தச் சிக்கனம் பழகிவிட்டது. முக்கியமான நிலைகளை மூத்தவர்கள் வரைவார்கள், அதற்கு நடுவே வரும் அசைவுகளை இளையவர்கள் நிரப்புவார்கள்.

மோனோனோகேயில் சுமார் 1,44,000 செல் தாள்கள், அதாவது ஓவியத்தைப் பதித்து வண்ணம் பூசும் கண்ணாடி போன்ற தாள்கள். அதில் ஏறக்குறைய 80,000 படங்களில் மியாசாகியே கைவைத்துத் திருத்தினார் என்பார்கள். போன்யோவில் கடல் அலைகளை எல்லாம் கையால் வரைந்ததில் கணக்கு 1,70,000 படங்கள். த விண்ட் ரைசஸில் 1923 நிலநடுக்கத்தின்போது கூட்டம் அலைமோதும் ஒரு காட்சி நான்கே நொடி ஓடும். ஒரே ஓவியர் அதற்கு ஒரு வருடம் மூன்று மாதம் உழைத்தார். த பாய் அண்ட் த ஹெரானுக்கு அறுபது ஓவியர்கள், மாதத்துக்கு ஒரு நிமிடப் படம் என்ற வேகம், மொத்தம் ஏழு வருடம். வெளியீட்டுக்கு முன் ஜப்பானில் டிரெய்லர்கூட விடவில்லை, ஒரே ஒரு போஸ்டர். இந்த ஊரில் டீசரின் டீசருக்குக் கவுண்ட்டவுன் வைக்கிறோம்.

இந்த ஆவி, சாமி எல்லாம் ஜப்பான் தெரியாத எனக்குப் புரியுமா?

புரியும், நமக்கு இன்னும் சுலபம். ஜப்பானில் தெய்வங்கள் எண்பது லட்சம் என்பது வழக்கு. கோடானுகோடி என்று நாம் சொல்வது போல எண்ணிக்கை இல்லாதது என்று அர்த்தம். ஆற்றுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, பழைய மரத்துக்கு ஒன்று. டோட்டோரோ குடியிருக்கும் கற்பூர மரத்தில் வைக்கோல் கயிறு சுற்றியிருப்பதைப் பார்த்ததும், மஞ்சள் துணி கட்டிய வேப்பமரத்தைப் பார்த்தவனுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

இந்தத் தெய்வங்கள் அலுப்பு தீரக் குளிக்க வரும் இடம்தான் ஸ்பிரிட்டட் அவேயின் விடுதி. ஒருநாள் சகிக்கமுடியாத நாற்றத்தோடு சேற்றுக் குவியல் ஒன்று வந்து சேர்கிறது. சிஹிரோ அதன் விலாவில் முள்போல ஏதோ குத்திநிற்பதைக் கண்டு இழுத்தால், முதலில் ஒரு சைக்கிள், பின்னாலேயே மலைபோலக் குப்பை. உள்ளே இருந்தது நதி தெய்வம். மியாசாகி ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஆறு சுத்தம் செய்யப் போனபோது சேற்றிலிருந்து நிஜமாகவே ஒரு சைக்கிளை இழுத்தெடுத்தார்கள், அதுதான் அப்படியே படத்துக்கு வந்தது. சுற்றுச்சூழல் பாடம் எடுக்க ஒரு வசனம்கூட வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

குழந்தைகளுக்குக் காட்டலாமா?

டோட்டோரோ, போன்யோ, கிகீ மூன்றையும் நான்கைந்து வயதிலிருந்தே காட்டலாம். ஸ்பிரிட்டட் அவேயில் பெற்றோர் பன்றியாகும் இடத்தில் சிறுசுகள் பயந்துவிடும், பக்கத்தில் உட்காருங்கள். மோனோனோகேயில் அம்பு பட்டுக் கை துண்டாகும், தலை பறக்கும். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

தகாஹாதாவின் கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ் சாகசப் படமே இல்லை, போரில் அநாதையான அண்ணன் தங்கை பட்டினியில் சாகும் கதை. கிப்லி என்ற பெயரைப் பார்த்துப் பிள்ளைகளோடு போட்டுவிடாதீர்கள். 1988 ஏப்ரலில் ஜப்பானில் இதையும் டோட்டோரோவையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்து வெளியிட்டார்கள்! குடும்பத்தோடு போனவர்கள் எந்த நிலைமையில் வீடு திரும்பினார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

தமிழில் இருக்கிறதா? டப்பிங்கா, சப்டைட்டிலா?

2020லிருந்து கிப்லி படங்களில் பெரும்பாலானவை இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸில் வந்தன. ஜப்பானிய ஒலியில் பார்ப்பதைத்தான் சிபாரிசு செய்வேன். கிகீயின் ஆங்கில டப்பிங்கில், அசலில் பூனை சும்மா இருக்கும் இடங்களில்கூட அதற்கு வசனம் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். மேலே சொன்ன ‘மா’ அங்கேயே காலி. இதைவிட மோசமானதும் நடந்தது. 1984ல் வந்த மியாசாகியின் நௌசிகா படத்தை அமெரிக்காவில் கண்டபடி வெட்டி, பெயரை மாற்றி வெளியிட்டார்கள். அந்தச் சூடு மறக்காமல், மோனோனோகே அமெரிக்காவுக்குப் போனபோது தயாரிப்பாளர் சுசுகி விநியோகஸ்தருக்கு ஒரு சாமுராய் வாளைக் கொடுத்து, வெட்டு கூடாது என்று சொன்னார்.

தமிழ் ஒலியோடு தியேட்டரில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இப்போது வழி திறந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் வரிசையின் இன்ஃபினிட்டி கேஸில் தமிழிலும் வந்தது. அதே வருடம் ஜனவரியில், 1993ன் ஜப்பானிய, இந்தியக் கூட்டுத் தயாரிப்பான ராமாயணம் துலக்கப்பட்டுத் தமிழிலும் வெளியானது. யூகோ சாகோ என்ற ஜப்பானியர் இந்தியாவில் ராமாயண அகழாய்வு பற்றி ஆவணப்படம் எடுக்க வந்து, கதையில் மயங்கி, நம் ஊர் அனிமேஷன் கலைஞர் ராம் மோகனோடு சேர்ந்து எடுத்த படம். வானரப் படையும் கும்பகர்ணனும் வரும் போர்க்காட்சிகளுக்காகவே பார்க்கலாம்.

கிப்லியை விட்டால் வேறு ஆளே இல்லையா?

நிறைய. மாகோட்டோ ஷின்காயின் யுவர் நேம் 2016ல் ஜப்பானைக் கலக்கியது. அவருடைய அடுத்த படம் வெதரிங் வித் யூவை இங்கேயும் வெளியிடச் சொல்லி இந்திய ரசிகர்கள் ஆன்லைனில் பல்லாயிரம் கையெழுத்துத் திரட்டினார்கள், 2019 அக்டோபரில் தியேட்டருக்கு வந்தது, அவரே டெல்லிக்கு வந்தார். 2011 நிலநடுக்கத்தின் துக்கத்தை ஒரு கதவும் மூன்றுகால் நாற்காலியும் வைத்துச் சொல்லும் அவருடைய சுசுமே எனக்கு அதைவிடப் பிடித்தது. மாமோரு ஹொசோடாவின் ஓநாய்க் குழந்தைகள் படத்தை, வுல்ஃப் சில்ட்ரன் என்று தேடுங்கள், தனியாகப் பிள்ளை வளர்த்த அம்மாக்கள் கைக்குட்டையோடு பார்க்கவும்.

குறையே சொல்லமாட்டீர்களா?

சொல்வேனே. மியாசாகி முழுக்கதையும் முடிவாவதற்கு முன்பே தயாரிப்பைத் தொடங்கிவிடுவார், காட்சிகளை வரிசையாகத் திட்டமிட்டு வரையும் ஸ்டோரிபோர்டு ஒரு பக்கம், படத்தை வரைவது ஒரு பக்கம். அதனால் சில படங்களில் கடைசி இருபது நிமிடம் தலைதெறிக்க ஓடும். ஹவுலில் ஒரு பெரிய போர், ஒரு முத்தத்துக்குப் பிறகு ஒரு வரி வசனத்தில் முடிந்துபோகிறது, எத்தனை முறை பார்த்தும் எனக்குச் செரிக்கவில்லை. அவர் மகன் கோரோ எடுத்த 2006ன் டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ அழகான பின்னணி ஓவியங்களுக்கு நடுவே தூங்கவைக்கும்.

கையால் வரைவதைப் புகழும்போது யாருடைய கை என்றும் கேட்கவேண்டும். ஜப்பானிய அனிமேஷன் துறையில் இளம் ஓவியர்களுக்குக் கூலி குறைவு, நேரம் காலம் கிடையாது. மியாசாகியின் வாரிசு என்று எல்லோரும் நினைத்திருந்த யோஷிஃபூமி கோண்டோ 1998ல் 47 வயதில் இறந்துபோனார். விஸ்பர் ஆஃப் த ஹார்ட் ஒன்றே அவர் இயக்கிய படம். அதைப் பார்க்கும்போதெல்லாம் இது மனதில் ஓடும்.

என் போட்டோவையும் ஏஐயில் கிப்லி மாதிரி மாற்றினேனே, அழகாகத்தானே இருக்கிறது?

2025 மார்ச்சில் எல்லோரும் மாற்றினார்கள், சித்தியின் அறுபதாம் கல்யாணப் படமும் வந்தது. கண்ணுக்கு அழகுதான். அப்போது சுற்றிய ஒரு வீடியோவில் மியாசாகி ஏஐயை உயிருக்கே அவமானம் என்று திட்டுவார். அது இந்த போட்டோக்களைப் பற்றிச் சொன்னது இல்லை, 2016ல் தரையில் தலையால் தேய்த்து நகரும் ஒரு கோர உருவத்தை கம்ப்யூட்டர் செய்து காட்டியபோது சொன்னது. கை தூக்கவே சிரமப்படும் ஊனமுற்ற தன் நண்பர் ஒருவரை அப்போது அவர் நினைத்துக்கொண்டார், வலி தெரியாதவன் அசைவை உண்டாக்குகிறானே என்ற கோபம். மற்றபடி மென்பச்சையும் உருண்டைக் கண்ணும் மட்டும்தான் கிப்லி என்றால் அந்த போட்டோவும் கிப்லிதான். நாய்க்கு மருந்து கொடுத்துப் பார்க்காமல் வரைந்த கிப்லி.

முடிவில் என்ன ஆனது என்று சொல்லாமலே முடித்துவிடுகிறார்களே?

ஆமாம். ஸ்பிரிட்டட் அவேயின் கடைசியில் சிஹிரோ பெற்றோரோடு சுரங்கப்பாதையை விட்டு வெளியே வருகிறாள். அவர்களுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. கார் மேல் இலையும் தூசியும் படிந்திருக்கிறது, எத்தனை நாள் போனதோ. அவள் திரும்பிப் பார்க்கும்போது, அந்த உலகத்தில் தோழர்கள் நூல் நூற்றுச் செய்துகொடுத்த தலைமுடிக் கயிறு ஒரு கணம் மின்னுகிறது. அவளுக்காவது நினைவிருக்கிறதா? சொல்லவில்லை.

அக்கா மகள், எட்டு வயது, என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் டிராகனைப் பற்றியோ மந்திரக்காரியைப் பற்றியோ கேட்பாள் என்று பார்த்தால், “மாமா, அந்தப் பொண்ணு புது ஸ்கூலுக்குப் போனாளே, அங்கே யாராவது ஃபிரெண்ட் கிடைச்சிருப்பாங்களா?” என்றாள். படத்தின் முதல் காட்சியில், காரின் பின்சீட்டில், சிஹிரோ முகத்தைத் தூக்கிவைத்திருந்தது அந்தப் புது ஸ்கூலுக்காகத்தான். எனக்கு அது மறந்தே போயிருந்தது.